மலைச் சைக்கிளின் பின்சில்லு

தம்பி,

நேற்று நீ போனை வைத்த வேகத்தில் என் காதே அடைத்துவிட்டது. "இது சரிவராதும்மா, விட்டுருங்க" என்று சொன்னாய். கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் துண்டித்தும் விட்டாய். உன் அப்பா "என்னவாம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, சிக்னல் போயிருச்சு" என்று சொல்லிவைத்தேன். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்லவிட மாட்டாய் என்பதால்தான் இந்தக் கடிதம். பக்கத்து லயத்து வீட்டுச் செல்வம் இன்று கொழும்புக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கோபமாக இருந்தால் கோபத்தோடேயே படி, ஆனால் கடைசிவரைக்கும் படி.

நடந்ததாக நீ சொன்னது இதுதான். தர்சினி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உன் அலுவலகத்தில் வேலை, உன்னோடு பழக்கம், இரண்டு வீட்டிலும் சொல்லிச் சம்மதமும் வாங்கிவிட்டீர்கள். போன வாரம் நீ அவளிடம், "எங்கம்மா உன்கிட்ட நல்லா பேசணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க, ஞாயித்துக்கிழமை உனக்குப் போன் எடுப்பாங்க" என்று சொல்லியிருக்கிறாய். அவள் முகம் சுருங்கிப்போய், "ஏன், நான் என்ன பிழை செய்தனான்?" என்று கேட்டிருக்கிறாள். நீ உடனே, "எங்கம்மா பேசுறதே உனக்குப் பிழையாப் படுதா?" என்று சீறியிருக்கிறாய். அவள் அழுதுகொண்டு எழுந்து போய்விட்டாள். அதன்பிறகு நீ கூப்பிட்டால் அவள் எடுப்பதில்லை. "தோட்டத்து ஆளுங்கன்னா யாழ்ப்பாணத்துக்காரங்களுக்கு எப்பவும் எளக்காரம்தாம்மா" என்று என்னிடம் சொன்னாய். அந்த இளக்காரம் எனக்கும் தெரியும் தம்பி. என் முகத்துக்கு நேராகவே நான் கேட்டிருக்கிறேன். ஆனால் இது அது இல்லை. நீ சொல்லிக்கொண்டிருந்தபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நம் வீட்டுப் பின்பக்கம் நிற்கிற சைக்கிளிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தச் சைக்கிளின் பாதிக் கதைதான் உனக்குத் தெரியும். நீ அப்போது ஹட்டனில் உன் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது உன் அம்மா சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்து வாயைப் பிளந்தாய், அவ்வளவுதான். நீ வந்து சேர்வதற்கு முன்னால் இந்த வீட்டில் என்னென்ன கூத்து நடந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. உன் அப்பாவுக்கு அதைச் சொல்ல வெட்கம். எனக்கு இல்லை.

அந்த வருஷம்தான் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற மேல் டிவிசன் பிள்ளைக்காம்பராவுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். வெயிலிலும் மழையிலும் கூடையைச் சுமந்து கொழுந்து எடுத்தவளுக்கு, ஒரு கூரையின் கீழ் குழந்தைகளோடு இருக்கிற வேலை எப்படிப்பட்டது என்று நினைத்துப் பார். ஆனால் மேல் டிவிசன் எங்கே, நம் வீடு எங்கே? லிந்துலைப் பக்கத்துக் குளிரில், இருட்டு விலகும் முன்னே புறப்பட்டு மூச்சு வாங்க ஏறினாலும் பிந்திவிடும். தாய்மார் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுத்தான் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நிற்க முடியும். நான் கதவைத் திறக்கப் பிந்தினால் அவர்கள் பெரட்டுக்குப் பிந்துவார்கள். பிந்தினால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார், அன்றைக்குப் பாதிச் சம்பளம் போச்சு. ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு வாசலில் நின்ற ஒரு பெண், பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு, "அக்கா, ஒங்களுக்கு வேல கெடச்சுச்சு, எங்களுக்குப் பேரு போச்சு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரமே ஆபீசிலிருந்தும் சொல்லியனுப்பினார்கள், இனி ஒரு தடவை பிந்தினால் வேறு ஆளைப் போடுவோம் என்று. மேலேயே குடிபோகவும் வழியில்லை. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் நடுராத்திரி மிஷின் நின்றாலும் ஃபிட்டரைக் கூப்பிட ஆள் வரும் என்பதால்தானே இந்த வீட்டையே உன் அப்பாவுக்குக் கொடுத்தார்கள்.

நான் கூடையைத் திரும்பத் தூக்க வேண்டியதுதான் என்று மனம் விட்டுப் போயிருந்தேன். அப்போதுதான் உன் அப்பா ஸ்டோருக்குப் பின்னால் கழிவிரும்பு குவித்திருக்கிற இடத்திலிருந்து ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். உருட்டி என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பாதி தூரம் தோளில்தான் வந்தது. எப்போதோ தண்ணீர்த் திட்டத்துக்கு அளவெடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் விட்டுப்போன மலைச் சைக்கிள். தொரைக்கு அடுத்தபடியான சின்னத்தொரை ஒருவர் கொஞ்சநாள் ஓட்டிப் பார்த்திருக்கிறார், பிறகு அது மழைக்குச் சொந்தமாகிவிட்டது. தடித்த இரும்புக் குழாய், கொழுத்த டயர், நேரான ஹேண்டில். துரு பிடிக்காத இடம் என்று தேடினால்தான் உண்டு. அப்பா அதைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சுத்தியலால் இங்கும் அங்கும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "பாடி நல்லா இருக்கு புள்ள. இந்தக் காலத்து இரும்பு இல்ல இது." "இருக்கட்டும், யாரு ஓட்டுறது?" என்றேன். "நீதான்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் சோறு பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பத்தடி சமதரை இல்லாத இந்தத் தோட்டத்தில் யார் சைக்கிள் ஓட்டினார்கள்? எனக்கும் ஓட்டத் தெரியாது, சொன்ன மனுஷனுக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட சைக்கிளில் ஏறாத ஒருவர் எனக்குச் சைக்கிள் செய்து தரப் போகிறார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

ஆனால் அவர் கையை வைத்தால் விடமாட்டார் என்பது உனக்குத் தெரியும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு, வேலை முடிந்தபிறகு ஸ்டோரின் கடைசல் மிஷினைப் பாவிக்க அனுமதி வாங்கினார். நுவரெலியாவுக்குப் போய் ஒரு சைக்கிள் கடையில் பெடலையும் செயினையும் காட்டினார். கடை முதலாளி எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேகட படு நே அய்யே" என்று சிங்களத்தில் சொன்னாராம். இதற்குச் சாமான் கிடையாது என்று அர்த்தம். சரி, கிடையாது என்றால் செய்வோம் என்று திரும்பிவந்தார். தேயிலை ரோலரிலிருந்து கழித்துப்போட்ட பித்தளையைக் கடைந்து, பெடல் அச்சு சுழல்கிற இடத்துக்குப் புஷ் வளையம் செய்தார். கியர் மாற்றுகிற கை துருவேறி ஒடிந்திருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, செயின் தொய்யாமல் இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங்கும் சின்னப் பித்தளை உருளையும் பொருத்தினார். அதனால் இனி ஒரே கியர்தான். பிறகு துருவை எல்லாம் உரசி எடுத்து, மிஷினுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்டையே அடித்தார். நம் வீட்டில் கொஞ்சநாள் சோற்றில்கூடப் பெயின்ட் வாசம்தான்.

அந்த நேரத்தில்தான் நடேசன் மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாரே, அவர்தான். குளிரென்றால் அவருக்கு ஆகாது. மப்ளரைத் தலையோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு திரிவார். ஆனால் சைக்கிளைக் கண்டதும் மனுஷன் மப்ளரை அவிழ்த்துவிட்டார். "பெட்றோல் இல்லாத காலம் நாங்கள் கலியாணப் பொம்பிளையையே சைக்கிளிலதான் ஏத்திக்கொண்டு போனனாங்கள் அண்ணை" என்றார். குந்தியிருந்து சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடுத்த நாள் பள்ளிக்கூட லீவு, குடும்பத்தைப் பார்க்க வவுனியாவுக்குப் புறப்படுகிற அவசரம். போகும்போது சொன்னார்: "எல்லாம் நல்லாயிருக்கு. பின்சில்லுதான் சரியில்லை. அதை ஒருக்காக் கழட்டிச் சரிசெய்து வையுங்கோ. இல்லாட்டி ஏத்தம் ஏறேலாது." உன் அப்பா தலையை ஆட்டினார். "வெளங்கிச்சுங்க மாஸ்டர்" என்றும் சொன்னார்.

விளங்கவில்லை தம்பி. ஒன்றும் விளங்கவில்லை. மாஸ்டர் போனபிறகு என்னிடம் வந்து, "சில்லுங்கறாரே, அது என்னா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது தேங்காய்ச் சில்லுதான். "அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றேன். "கேட்டா ஃபிட்டருக்கு இதுகூடத் தெரியலியான்னு நினைக்க மாட்டாரா?" என்றார். உட்கார்ந்து யோசித்தார். சில்லு என்றால் சின்னத் துண்டு. பின்னால் இருக்கிற சின்னத் துண்டு எது? பின் சக்கரத்தின் நடுவில் செயின் மாட்டுகிற பல்லுத் தகடு. போய்ப் பார்த்தால் அதன் பல்லெல்லாம் உண்மையாகவே தேய்ந்துபோயிருந்தது. "மாஸ்டர் கண்ணு கண்ணுதான்" என்று மெச்சிக்கொண்டார். ஏற்றம் ஏற வேண்டும் என்று அவர் சொன்னதும் பொருந்திவிட்டது. ஸ்டோரில் பெல்ட் ஓடுகிற மிஷினில், இழுபடுகிற பக்கத்துப் புல்லியைப் பெரிதாக்கினால் வேகம் குறையும், பலம் கூடும். அந்தக் கணக்கைச் சைக்கிளில் போட்டார். தேயிலை காயவைக்கிற, கழித்துப்போட்ட ட்ரையரின் தடித்த தகட்டை எடுத்து, அதன்மேல் செயினை வட்டமாகப் படுக்கவைத்துக் குறித்து, துளை போட்டு, அறுத்து, ஒவ்வொரு பல்லாக அரத்தால் ராவினார். பழையதைவிட எவ்வளவோ பெரிசு. சாப்பாட்டுப் பீங்கான் தட்டில் முக்கால்வாசி இருக்கும். கையில் ரத்தக் கட்டு, கண்ணில் இரும்புத்தூள், முகத்தில் மாப்பிள்ளைக் களை.

மாஸ்டர் லீவு முடிந்து வந்தார். "பின்சில்லு என்ன மாதிரி அண்ணை?" "செஞ்சாச்சுங்க மாஸ்டர், வந்து பாருங்க." மாஸ்டர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இதென்ன, பல்லுச் சக்கரமெல்லே! நான் சொன்னது சில்லு. இந்த முழுச் சில்லு" என்று பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது குடித்துவிட்டு வெறியில் வருகிறவனைப்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டு சுற்றியது. யாழ்ப்பாணத்தில் சக்கரத்துக்குத்தான் சில்லு என்று பெயராம். ஆடுகிற சக்கரத்தை நேராக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், இவரோ சக்கரம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதைத் தொடவே இல்லை. மாஸ்டர் சும்மா இருந்திருக்கலாம். விழுந்து விழுந்து சிரித்துவிட்டார். உன் அப்பாவுக்கு மூக்குநுனி சிவந்துவிட்டது. "நீங்க தமிழ்ல சொல்லியிருந்தா நான் தமிழ்ல செஞ்சிருப்பேங்க" என்றார். சிரிப்பு நின்றது. மாஸ்டர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். இவர் சைக்கிளின்மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டார்.

அதற்குப்பிறகு இரண்டு பேரும் எதிரும் புதிருமாக வந்தாலும் தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு போவார்கள். இரண்டு பேருமே நல்ல மனுஷர்கள். இவர் மனதில், நம்மைத் தோட்டக்காட்டான் என்று நினைத்துத்தானே சிரித்தார். அவர் மனதில், ஊரைவிட்டு வந்தவனுக்குத் தமிழே தெரியாது என்கிறானே. இரண்டு பேரும் நினைத்தது அந்தச் சைக்கிளில் எங்கேயும் இல்லை. எனக்கோ வேலை போகிற அவசரம். அதுவரைக்கும் என் தங்கை முறையான ஒருத்தி மேல் டிவிசனில் எனக்குப் பதிலாகக் கதவைத் திறந்து சமாளித்துக்கொண்டிருந்தாள், அவளும் எத்தனை நாளைக்குச் செய்வாள்? நான் பள்ளிக்கூட வாசலுக்கே போனேன். அங்கே நடந்ததைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். எப்படியோ மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்து, உன் அப்பாவுக்கு முன்னால் நிறுத்தி, "ரெண்டு பேரும் சேர்ந்து இத முடிச்சுக் குடுங்க, இல்லன்னா நான் திரும்பக் கூடையத் தூக்கறேன்" என்றேன். அழுதும் விட்டேன். நடிப்பில்லை, நிஜமாகவே அழுகை வந்தது.

மாஸ்டர் குந்தியிருந்து சக்கரத்தைக் கழற்றினார். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டு, ஒன்றை முறுக்கி ஒன்றைத் தளர்த்தி, உடைந்த கம்பிகளுக்கு என்ன அளவு வேண்டும் என்று உன் அப்பாவைப் பார்க்காமலே சொன்னார். அப்பா மாஸ்டரைப் பார்க்காமலே நீளக் கம்பியை வெட்டி, மரை போட்டுக் கொடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டே இரண்டு பேரும் சக்கரத்தை நேராக்கிவிட்டார்கள். பெரிய பல்லுத் தகட்டைத்தான் போட்டாக வேண்டும், பழையது உதவாது. மாஸ்டர் ஸ்டோர் முற்றத்தில் ஏறி மிதித்தார். கால் காற்றாடிபோலச் சுற்றுகிறது, சைக்கிள் நகர்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. "நடந்து போறவன் என்னை முந்துவான் அண்ணை!" என்றார். "மேட்டுல திருப்புங்க" என்றார் அப்பா. திருப்பினார். தம்பி, அந்தச் சைக்கிள் ஏறியது. ஆபீஸ் வளைவுக்கு மேலே உள்ள ஏற்றத்தில், லொறி முக்குகிற இடத்தில், மாஸ்டர் உட்கார்ந்தபடியே ஏறிப்போய் வளைவில் மறைந்தார். மேலேயிருந்து அவர் சத்தம் மட்டும் வந்தது. "அண்ணை, ஏறுது! அண்ணை, இது ஏறுது!" உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர். சில்லு என்றால் சக்கரம் என்று அவருக்கு முதலிலேயே விளங்கியிருந்தால், சக்கரத்தை நேராக்கிப் பழைய சின்னத் தகட்டோடு கொடுத்திருப்பார். நான் முதல் ஏற்றத்திலேயே இறங்கித் தள்ளியிருப்பேன்.

இறங்குவதைப் பற்றி இரண்டு பேருமே நினைக்கவில்லை என்பது அடுத்த நிமிஷம் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் மலையில்லை, அதனால் பிரேக்கைப் பெரிதாக எண்ணாத மாஸ்டர் ஒருவர். சைக்கிளே ஓட்டாத ஃபிட்டர் ஒருவர். காய்ந்துபோன பழைய பிரேக் கட்டையோடு வேகமாக வந்த மாஸ்டர், வளைவில் திரும்பாமல் நேராகத் தேயிலைச் செடிக்குள் போய்விட்டார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால் செடிக்கு மேலே மப்ளர் மட்டும் தெரிகிறது. உள்ளேயிருந்து குரல்: "சில்லுக்கு ஒண்டும் நடக்கேல்லை அண்ணை." அப்போதுதான் உன் அப்பா சிரித்தார். இரண்டு பேரும் செடிக்குள் உட்கார்ந்து சிரித்தார்கள். அன்றைக்கே ஸ்டோரில் தேய்ந்துபோன பெல்ட்டின் ரப்பரை வெட்டிப் புதுப் பிரேக் கட்டை செய்தார்கள்.

எனக்கு ஓட்டப் பழக்கியதும் மாஸ்டர்தான். அப்பாவின் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, சேலையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, மதகில் ஏறி நின்று சைக்கிளில் உட்கார்ந்தேன். மாஸ்டர் பின்னால் ஓடிக்கொண்டு "உழக்குங்கோ தங்கச்சி, உழக்குங்கோ!" என்று கத்துகிறார். எந்த உழக்கு, எந்த அரிசியை அளப்பது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் விழுந்துவிட்டேன். மிதிக்கச் சொல்கிறார் என்று அடுத்த தடவை தெரிந்தது. முழங்கால் தோல் போனது, லயத்துப் பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு ஒரு காலை, பனிக்குள்ளே, மூச்சும் செயினும் மட்டும் சத்தம் போட, மேல் டிவிசனுக்கு ஏறிப்போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். யாரும் இன்னும் வந்திருக்கவில்லை. முதலில் வந்தது, அன்றைக்கு என்னைச் சுருக்கென்று கேட்ட அதே பெண். பிள்ளையைக் கொடுத்துவிட்டு, பச்சைச் சைக்கிளையும் என் காற்சட்டையையும் மேலும் கீழும் பார்த்து, "போலீசு மாதிரி இருக்கீங்கக்கா" என்றாள். அன்றைக்கு எல்லாருக்கும் முழுப்பேர்.

இப்போது பள்ளிக்கூட வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். நான் போய், "மாஸ்டர், உங்ககிட்ட நல்லா பேசணும்" என்றேன். அந்த மனுஷன் கையிலிருந்த சோக்கட்டி கீழே விழுந்துவிட்டது. முகம் வெளுத்து, "ஐயோ தங்கச்சி, நான் சிரிச்சது பிழைதான். பிள்ளையளுக்கு முன்னால பேசாதையுங்கோ, அங்கால வாங்கோ" என்று கெஞ்சினார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பிறகு விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுகிறோமே, அதற்கு அவர்கள் சொல்வது கதைப்பது. இப்போது நீ தர்சினியிடம் சொன்னதை அவள் காதால் ஒருதரம் கேட்டுப் பார். கல்யாணத்துக்கு முன்னமே மாமியார் போன் எடுத்து நன்றாகத் திட்டப் போகிறார் என்று நீயே போய்ச் சொல்லியிருக்கிறாய். நான் என்ன பிழை செய்தேன் என்று அந்தப் பிள்ளை கேட்டதில் என்ன இளக்காரம் இருக்கிறது? பயம்தான் இருக்கிறது.

உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் வீட்டில் இது இன்னும் எத்தனையோ தடவை நடக்கும். அவள் ஒன்று சொல்வாள், உனக்கு வேறொன்று கேட்கும். அப்போது உன் அப்பாவைப்போலக் கேட்காமல் தலையை ஆட்டாதே, மாஸ்டரைப்போலச் சிரித்துவிடவும் செய்யாதே. என்ன சொன்னாய் என்று கேள். கேட்டால் கௌரவம் ஒன்றும் குறைந்துபோகாது. கேட்டும் விளங்காவிட்டால் உனக்கு விளங்கியபடி மனசு வைத்துச் செய், பல தடவை அதுவும் நல்லதாகவே முடியும். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்திருக்கிறது. பார்க்காமலேயே பிடித்திருக்கிறது. திட்டுவாங்கப் போகிறோம் என்று நினைத்தும், உங்கம்மா யார் என்னைத் திட்ட என்று கேட்காமல், தன் பிழை என்ன என்று கேட்டாளே, அதற்காக.

உன்னை நம்பிக்கொண்டு நான் சும்மா இருக்கவில்லை. நீ ஒருதரம் அவள் போனிலிருந்து அப்பாவுக்குக் கோல் எடுத்தாய் அல்லவா, அந்த நம்பருக்கு இன்று காலை நானே எடுத்தேன். நான் யார் என்று சொன்ன கையோடு, "பிள்ளை, நான் உன்னோட கதைக்கத்தான் எடுத்தேன்" என்றேன். காலில் போட்ட சப்பாத்துக்குள் கல் உறுத்துவதுபோல அந்த வார்த்தை என் வாயில் உறுத்தியது. ஆனால் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு நாங்கள் காசு முடியும்வரை கதைத்தோம். சனிக்கிழமை காலை ரயிலில் நானுஓயாவுக்கு வருகிறாள். "அவன் கோவமா இருக்கானே, வருவானான்னு தெரியலியே" என்று நான் இழுத்தேன்.

"உங்கட மகன் வராட்டிலும் நான் வருவன் மாமி" என்றாள். "ஆனா டிக்கட் ரெண்டு எடுத்து வச்சிருக்கிறன்."

உன் அம்மா